ஒற்றை விரலில் திறக்கும் மூடி

(காட்சித் தொடர்பியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்கு வந்ததும் நான் இந்த லேப்டாப்பைத் திறந்தேனே, அதை யாராவது கவனித்தீர்களா? இடது கையால் அடிப்பாகத்தை மேஜையோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் மூடியைத் தூக்கினேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

கம்ப்யூட்டர் அறிமுகப் படங்களில் கலை இயக்கம் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "கம்ப்யூட்டருக்கு என்னங்க செட்டு? அது பாட்டுக்கு மேஜை மேல சும்மாதானே உக்காந்திருக்கும்?"

என் தொழிலின் தலைவலியே அதுதான். புடவை விளம்பரம் என்றால் முந்தானை பறக்கும். பிரியாணி என்றால் ஆவி எழும். பைக் என்றால் புழுதி கிளப்பும். சோப்பு நுரைக்கும், காபி பொங்கும், தங்கம் மின்னும். கம்ப்யூட்டர் ஒன்றுமே செய்யாது. உள்ளே ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், வெளியே ஒரு சின்ன விளக்கு எரியும். பழைய கம்ப்யூட்டர் கடைகளில் போய் "சி.பி.யூ. என்ன விலை?" என்று கேட்டால் மேஜைக்கு அடியில் வைக்கிற தகரப் பெட்டியைக் காட்டுவார்கள். உண்மையான சி.பி.யூ. அந்தப் பெட்டிக்குள்ளே, போர்டின் மேலே, விசிறிக்கு அடியில், ஒரு பிஸ்கட் அளவில் ஒளிந்திருக்கும். பெட்டிக்குப் போய் சி.பி.யூ. என்று பெயர் வைத்துவிட்டோம் என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது தப்பாகவே தோன்றியதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்குத்தானே மனிதன் பெயர் வைப்பான்? தெரியாததை எப்படிக் காட்டுவது என்பதுதான் எங்கள் பிழைப்பு.

இதற்கு முதலில் பெரிய அளவில் விடை கண்டவர்கள் ஐ.பி.எம். ஆட்கள். 1981 ஆகஸ்டில் அவர்களுடைய பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. பெரிய கம்பெனி, பெரிய இயந்திரம், நீல சூட் போட்ட விற்பனையாளர்கள் என்றே ஊர் அவர்களை அறிந்திருந்தது. வீட்டுக்குள் வரும் பெட்டிக்கு அந்த முகம் சரிப்படாது. விளம்பரத்தில் சார்லி சாப்ளினுடைய நாடோடியைக் கொண்டுவந்தார்கள். தொப்பி, தடி, தொளதொளப் பேன்ட், கையில் ஒரு ரோஜா. 1936-இல் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்ட அதே ஆள்! அவனையே கூட்டிவந்து இயந்திரத்தின் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு துணிச்சல் வேண்டும். பெட்டி பழுப்பு வெள்ளையில் மொத்தையாக இருந்தது. அதற்கு அழகு சேர்க்க அவர்கள் மெனக்கெடவில்லை. பக்கத்தில் நிற்பவனை மாற்றினார்கள், வேலை முடிந்தது.

அடுத்தது 1984, ஆப்பிளின் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டருக்கான விளம்பரம். விளம்பர வகுப்பு என்றால் இந்தப் படம் வராமல் போகாது, உங்களில் பாதிப் பேருக்கு மனப்பாடமாகவே இருக்கும். ஆனாலும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பொதுவாக எல்லோரும் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் பெயரைச் சொல்வார்கள். 'பிளேட் ரன்னர்' முடித்து வந்த கையோடு எடுத்த படம் அது. விளம்பர நிறுவனம் ஷையட் டே. படைப்புத் தலைவர் லீ க்ளோ, எழுத்து ஸ்டீவ் ஹேடன், கலை இயக்குநர் ப்ரென்ட் தாமஸ். என் ஆள் இந்தக் கடைசிப் பெயர்தான்.

இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் செட். சாம்பலும் நீலமும் கலந்த இருட்டு. மொட்டைத் தலை ஆட்கள் வரிசை வரிசையாகக் குழாய்க்குள் நடந்து வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே முகம். எதிரே பெரிய திரையில் ஒரு மனிதன் உபதேசம் செய்துகொண்டிருக்கிறான். அப்போது ஒரு பெண் ஓடிவருகிறாள். ஆன்யா மேஜர். வட்டெறிதல் தெரிந்தவர், அதனால்தான் அந்தக் கனத்த சுத்தியலைச் சுழற்றியும் நிலை தடுமாறவில்லை. சிவப்பு அரைக்கால் சட்டை, வெள்ளைப் பனியன். மொத்தப் படத்திலும் நிறம் என்று கண்ணில் படுவது அந்தச் சிவப்பு மட்டும்தான். சுத்தியல் பறக்கிறது, திரை வெடிக்கிறது, வெளிச்சம் எல்லோர் முகத்திலும் அடிக்கிறது. மெக்கின்டோஷ் வருகிறது என்று சில வரி எழுத்து. முடிந்தது.

இதில் கம்ப்யூட்டர் எங்கே? இல்லை. ஒரு நிமிடப் படத்தில் ஒரு நொடிகூட அந்தப் பெட்டி வரவில்லை. அந்தப் பெண்ணின் பனியனில் மட்டும் நாலைந்து கோடுகளில் மெக்கின்டோஷின் கிறுக்கல் ஓவியம் ஒன்று இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது கண்ணில் படவே படாது. ஆப்பிள் நிர்வாகக் குழு இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தது. வாங்கி வைத்திருந்த ஒளிபரப்பு நேரத்தை விற்றுவிடச் சொன்னார்கள். 30 விநாடித் துண்டு விற்றுப்போயிற்று, 60 விநாடித் துண்டு கையில் தங்கிவிட்டது. 1984 ஜனவரி 22, அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவே அது ஓடியது. ஓடியது சரித்திரம் ஆனது, உங்களுக்கும் தெரியும். எனக்கு வேண்டியது வேறு. நிர்வாகக் குழுவின் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். பெட்டியைச் செய்யப் பல வருடம் செலவழித்திருக்கிறோம், 2,495 டாலர் விலை வைத்திருக்கிறோம், காசு கொடுத்து எடுத்த படத்தில் பெட்டியே இல்லை என்றால் எந்த முதலாளிக்குத்தான் வயிறு எரியாது? இங்கே நம் ஊரில் பட்டாசுக் கடை விளம்பரம் எடுத்தால்கூடக் கடையின் முகப்பைக் காட்டு, ஓனர் கும்பிடுவதைக் காட்டு என்பார்கள்.

அந்த விளம்பரத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, குப்பர்டினோவில் ஃப்ளின்ட் சென்டர் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் பையிலிருந்து மெக்கின்டோஷை வெளியே எடுத்தார். அது திரையில் படம் காட்டியது, தானே பேசியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கடைக்கு வந்த மெக்கின்டோஷுக்கு நினைவகம் 128 கிலோபைட். மேடையில் பேசியதோ 512 கிலோபைட் வைத்த முன்மாதிரி. அந்த நிகழ்ச்சி 128-க்குள் அடங்கவில்லை. இதை வெளியில் சொன்னது யாரோ எதிரி இல்லை, அந்த மெக்கின்டோஷின் மென்பொருளை எழுதிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தானே பின்னாளில் எழுதிவைத்தார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் பெட்டியையே காட்டவில்லை, ஆனால் பெட்டியைப் பற்றிப் பொய்யும் சொல்லவில்லை. இன்னொன்றில் பெட்டியை எடுத்துக் கண்ணெதிரே வைத்தார்கள். அது கடையில் கிடைக்கப்போகும் பெட்டி இல்லை. மறைப்பது ஒன்று, புளுகுவது இன்னொன்று. நான் இன்று பேச வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து ஒன்றைப் பற்றித்தான். அந்தச் சந்தில் நானும் வழுக்கி விழுந்திருக்கிறேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடுகிறேன்.

கருப்பு லேப்டாப்பைப் படம் பிடிப்பது பற்றிப் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. "சார், பொருள் இருட்டா இருக்கு, இன்னொரு லைட்டு போடலாமா?" என்பார்கள். போட்டால் என்ன ஆகும்? லைட்டுதான் தெரியும், லேப்டாப் தெரியாது. பளபளப்பான கருப்பு என்பது கண்ணாடி மாதிரி. அதற்கு வெளிச்சம் அடிக்க முடியாது. அதில் என்ன தெரிய வேண்டுமோ அதை எதிரே கொண்டுபோய் வைக்கத்தான் முடியும். அதனால் எட்டடிக்கு எட்டடி வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் விளக்கை ஒரு ஓரமாக வைப்போம். துணியில் ஒரு பக்கம் பளீரென்று, மறுபக்கம் போகப் போக மங்கி வரும். நீங்கள் விளம்பரத்தில் பார்க்கிறீர்களே, மூடியின் மேல் பால் ஊற்றினாற்போல ஒரு ஒளி வழிந்து இருட்டில் கரையும், அது விளக்கு இல்லை, அந்தத் துணியின் பிம்பம். செட்டில் இருக்கிற எல்லோரும் கருப்புச் சட்டைதான் போட வேண்டும். ஒரு நாள் டீ கொண்டுவந்த பையன் மஞ்சள் சட்டையோடு ஓரமாக நின்றுவிட்டான். எடிட்டிங்கில் பார்த்தால் விலை உயர்ந்த அந்த லேப்டாப்பின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. கிளையன்ட் அதைப் பார்த்து "இந்தக் கோல்டன் எட்ஜ் நல்லாயிருக்கே" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது தூசி. தூசிக்கு ஆகும் நேரத்தை எந்தக் கால்ஷீட்டிலும் சரியாகக் கணக்குப் போட முடிந்ததில்லை. மேக்ரோ லென்ஸில் கீபோர்டுக்கு அருகே போனால், சாவிக்கு நடுவே கிடக்கும் ஒரு நூல் துணுக்கு தென்னமட்டை மாதிரித் தெரியும். ஏசியை நிறுத்துவோம், ஃபேனை நிறுத்துவோம். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பையன் ரப்பர் ஊதியால் உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டே இருப்பான். ஊதினது பறந்து போய் இன்னொரு சாவியில் உட்காரும். ஸ்டூடியோவில் பதினைந்து பேர் வியர்த்து வழிந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். யாராவது தும்மினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிறகு திரை. சினிமா கேமரா நொடிக்கு 24 படம் எடுக்கிறது. கம்ப்யூட்டர் திரை பொதுவாக நொடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொள்கிறது. ஒன்றின் தாளத்துக்கு மற்றது ஒத்துவராது. குண்டுத் திரை காலத்தில் ஒரு கருப்புப் பட்டை மேலும் கீழும் உருண்டு உயிரை வாங்கும். ஷட்டரை 180 பாகையிலிருந்து 144-க்குக் குறைத்தால் ஒரு படத்துக்கு அறுபதில் ஒரு பங்கு நொடி வெளிச்சம் கிடைக்கும், திரையின் தாளத்தோடு ஒட்டிப் பட்டை மெலியும். இதைப் பழைய கேமராமேன் ஒருவர் கணக்கு வாத்தியார் மாதிரி சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினார். இப்போது பெரும்பாலும் அந்தத் தொல்லையே கிடையாது. திரையில் வெறும் பச்சையோ கருப்போ வைத்து எடுத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து படத்தை ஒட்டிவிடுகிறார்கள். அதனால்தான் சில விளம்பரங்களின் மூலையில் எறும்பு எழுத்தில், திரைக் காட்சி மாதிரிக்காக மட்டும் என்று போட்டிருப்பார்கள். அந்த எறும்பு எழுத்துக்கு எழுத்துரு தேர்ந்தெடுப்பதும் நாங்கள்தான். படிக்க முடியாதபடி தேர்ந்தெடுப்போம்.

திரையில் கடிகாரம் எத்தனை மணி காட்ட வேண்டும் என்பதற்குக்கூட ஒரு கதை உண்டு. ஆப்பிள் படங்களில் பாருங்கள், ஐபோன், ஐபேடு எதுவானாலும் 9:41 காட்டும். ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கினால் பொருளைத் திறந்து காட்ட நாற்பது நிமிடம் பிடிக்கும், அப்போது மேடையில் இருக்கும் படத்தின் நேரமும் பார்ப்பவர் கையில் கட்டியிருக்கும் நேரமும் ஒத்துப்போகட்டும் என்பது கணக்கு. முதல் ஐபோனில் 9:42 என்றிருந்தது, பின்னால் ஒரு நிமிடம் குறைத்தார்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்பீர்கள். யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும், அது போதும்.

சரி, இப்போது அந்த மூடிக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நிறுவனம் ஒரு லேப்டாப்பை இறக்கியது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் பெரிய குற்றமும் இல்லை. அறிமுகப் படத்தின் முதல் ஷாட் இப்படி எழுதப்பட்டிருந்தது: கருப்பு வெளி. மூடிய லேப்டாப். பெண்ணின் விரல் ஒன்று மட்டும் வந்து விளிம்பைத் தொடுகிறது. மூடி பூ மலர்வது போலத் திறக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கை மாடலாக வந்த பெண்ணுக்கு அருமையான விரல்கள். விரலை வைத்துத் தூக்கினார். மூடி திறக்கவில்லை, லேப்டாப் மொத்தமாக வாயைப் பிளந்த முதலை மாதிரி எழுந்து நின்றது.

காரணம் எளிது. மூடியைத் தாங்கும் கீல் இறுக்கமாக இருந்தால்தான் திரை வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் அந்த இறுக்கத்தை மீறித் தூக்கும்போது அடிப்பாகத்துக்குத் தன்னை மேஜையில் அமர்த்திக்கொள்ளும் கனம் வேண்டும். அடிப்பாகம் இலேசாக இருந்தால் மூடியோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும். கீலின் இறுக்கத்தையும் அடியின் கனத்தையும் சரியாக நிறுத்துப் பொருத்துவது பொறியாளர்களின் வேலை. அதற்கு மாதக் கணக்கில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் அவ்வளவு உழைக்கவில்லை.

காலை ஏழு மணியிலிருந்து பதினோரு மணி வரை முயன்றோம். பிறகு என் உதவியாளன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை எடுத்து, லேப்டாப்பின் அடியில் நான்கு மூலையிலும் ஒட்டி, மேஜையோடு அழுத்தினோம். ஐந்தாவது டேக்கில் மூடி பூப்போலத் திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டில் எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார்கள்.

அந்த வருடத் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அக்கா மகன் அப்போதுதான் வேலையில் சேர்ந்து, முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் லேப்டாப் வாங்கியிருந்தான். அதே லேப்டாப். நான் எடுத்த படம் என்று அவனுக்குத் தெரியாது. திண்ணையில் வைத்து ஒற்றை விரலால் தூக்கினான். முதலை எழுந்து நின்றது.

"என்ன மாமா இது, விளம்பரத்துல ஒத்த விரல்ல தெறந்துச்சு? அதப் பாத்துதான் இத வாங்குனேன்."

"அதுக்கு அடியில டேப்பு ஒட்டியிருப்பாங்கடா மாப்ளே."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் முறுக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் அதற்குப் பிறகு வேறு வாங்கிவிட்டான். இந்தப் பழசை என்னிடம் தள்ளிவிட்டான். இந்த மேடையில் இருப்பது அதுதான். வெளியூரில் பேசப் போகும்போது இதையே எடுத்துப் போகிறேன். திறக்கும்போது இரண்டு கை.

நீங்கள் கேட்கலாம்: தூசியைத் துடைத்தீர்கள், வெளிச்சத்தை வழிய விட்டீர்கள், திரையில் படத்தைப் பின்னால் ஒட்டினீர்கள், அதெல்லாம் சரி, நாலு துண்டு டேப் மட்டும் தப்பா? நானும் என்னையே வெகுநாள் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில் இது. தூசியில்லாத லேப்டாப்பை வாங்குகிறவரும் துடைத்துவிட்டால் பார்க்கலாம். அந்த வெளிச்சம் அவர் வீட்டு ஜன்னலிலும் என்றைக்காவது ஒரு சாயங்காலம் விழலாம். டேப்பை மட்டும் நாங்கள் பெட்டிக்குள் போட்டுக் கொடுக்கவில்லை.

இதே மாதிரி வேலையை நேர்மையாகச் செய்த உதாரணம் 2008 ஜனவரி 15. சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் மேக்புக் ஏரை ஜாப்ஸ் ஒரு பழுப்புத் தபால் கவரிலிருந்து உருவினார். விளம்பரப் படமும் அதுவேதான். ஆபீஸில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகிற, நூலைச் சுற்றி மூடுகிற கவர். அதிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வருகிறது. யோசித்துப் பாருங்கள், மெல்லிய முனையில் 4 மில்லிமீட்டர், தடித்த இடத்தில் 19.4 மில்லிமீட்டர் என்று எழுத்தில் போட்டால் யாருக்கு உறைக்கும்? கவரின் தடிமன் எல்லோர் விரலுக்கும் தெரியும். அளவுகோலையே பிராப்பர்ட்டி ஆக்கிவிட்டார்கள். விலை என்ன இருக்கும், சில ரூபாய். அதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. அந்த லேப்டாப்பின் அடிப்பக்கம் ஓரங்களில் சரிந்து மெலிந்துபோகும், மேஜையில் வைத்தால் தடித்த பகுதி நிழலுக்குள் போய்விடும். கண்ணில் படுவது மெல்லிய விளிம்புதான். பெட்டியை வடிவமைத்தவரே பாதிக் கலை இயக்கத்தைச் செய்து கொடுத்திருக்கிறார். மறைத்தார்கள், உண்மைதான். ஆனால் கடையில் வாங்கிய எவரும் ஒரு கவரை எடுத்து உள்ளே போட்டுப் பார்க்கலாம், போகும். போட்டுப் பார்த்தார்கள். அதே கவர் மாதிரி உறை தைத்து விற்கவும் செய்தார்கள்.

பெட்டிக்குள் இருப்பதை விற்க வேண்டியவர்கள் பாடு இன்னும் கஷ்டம். இன்டெல் தயாரிக்கும் சிப்பை வாங்குகிறவர் கண்ணால் பார்ப்பதே இல்லை. 1991-இல் 'இன்டெல் இன்சைடு' என்று ஒரு ஸ்டிக்கரை வெளியே ஒட்டினார்கள். 1994-இல் வால்டர் வெர்சோவா என்ற இசையமைப்பாளர் அந்த ஸ்டிக்கருக்கு ஒரு சத்தம் போட்டுக்கொடுத்தார், ஐந்தே சுரம். கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குக் கொடுத்தார்கள். 1997 சூப்பர் பௌலில் சிப் தொழிற்சாலைப் பணியாளர்களையே ஆடவிட்டார்கள். தலை முதல் கால் வரை மூடிய அந்த உடை நிஜத்தில் வெள்ளை. மனித உடம்பிலிருந்து உதிரும் தூசி சிப்பின் மேல் விழக்கூடாது என்பதற்காக அணிவது, எங்கள் செட்டுக் கஷ்டத்தின் பெரியண்ணன். விளம்பரத்தில் அதற்குப் பளபளவென்று ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று சாயம் ஏற்றினார்கள். பொய்தான். ஆனால் அந்த உடையை யார் வாங்கப்போகிறார்கள்? இந்த மாதிரிப் பொய்யை நான் தாராளமாகச் சொல்வேன்.

எல்லோருக்கும் அப்படித் தப்பித்துப்போக வாய்த்ததில்லை. 2003-இல் ஆப்பிள் பவர் மேக் ஜி5-ஐ உலகிலேயே வேகமான பெர்சனல் கம்ப்யூட்டர் என்று விளம்பரம் செய்தது. அதன் வேகத்தில் ஒரு ஆள் வீட்டுச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் விழுவார். சுவர் உடைந்ததைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. உலகிலேயே என்ற சொல்லுக்காக பிரிட்டனின் தொலைக்காட்சி ஒழுங்குமுறை ஆணையம் அந்தப் படத்தை மறுபடி ஒளிபரப்பக் கூடாது என்றது. பாருங்கள், ஆள் சுவரைத் துளைப்பது மிகை என்று குழந்தைக்கும் தெரியும். அதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். உலகிலேயே வேகமானது என்பதை நம்பித்தான் காசு கொடுப்பார்கள்.

மாறாக, எந்தப் பொய்யும் சொல்லாமலே கவிழ்ந்த படம் ஒன்றும் உண்டு. 2024 மே மாதம் வந்த ஐபேடு புரோ விளம்பரம். 13 அங்குல மாடல் 5.1 மில்லிமீட்டர் தடிமன். கலை இயக்கம் என்ற அளவில் சொன்னால் அது ஒரு விருந்து. பியானோ, ட்ரம்பெட், பெயின்ட் டப்பாக்கள், கேமரா லென்ஸ், பழைய வீடியோ கேம் பெட்டி எல்லாவற்றையும் ஒரு மேடையில் அடுக்கி, மேலே இருந்து ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இறங்குகிறது. நிறங்கள் பிதுங்குகின்றன, பியானோ நொறுங்குகிறது. பிரஸ் மேலே போனால் அடியில் மெல்லிய ஐபேடு. இத்தனையும் இதற்குள்ளே என்பதுதான் அவர்கள் சொல்லவந்தது. பார்த்தவர்களுக்குக் கேட்டது வேறு. கலைஞர்கள் கொதித்தார்கள், ஜப்பானில் எதிர்ப்பு பலமாக இருந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது, டி.வி.யில் ஓட்டும் எண்ணத்தைக் கைவிட்டது.

நான் அதைப் போனில் முதல் தடவை பார்த்தபோது என் கையும் தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆயுத பூஜை அன்று எங்கள் செட்டில் சுத்தியல், ரம்பம், பெயின்ட் பிரஷ், ஏன் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற சாமான்கள் அவை. எங்கள் ஆசாரி ஒருவர் இருக்கிறார், அவருடைய உளியை யாராவது தாண்டினால்கூட அன்றைக்கு வேலை செய்ய மாட்டார். அந்த விளம்பரத்தைத் திட்டமிட்ட கூட்டத்தில் அவரை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தால் பியானோவை அடுக்கும்போதே எழுந்து போயிருப்பார். தயாரிப்புக் கூட்டங்களில் தலையாட்டுகிறவர்கள் நிறையப் பேர் உட்காருகிறோம், எழுந்து போகிறவர்கள் வருவதே இல்லை.

இப்போதெல்லாம் எங்களுக்குப் பொருளே வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து பொறியியல் வரைபடக் கோப்பு வரும். அதை வைத்து சி.ஜி. ஆட்கள் லேப்டாப்பை உருவாக்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற திருகாணிகூட அசலாக இருக்கும். தூசி கிடையாது, டீ கொண்டுவரும் பையனின் மஞ்சள் சட்டை கிடையாது. சில சமயம் தூசி இல்லாததால் பொம்மை மாதிரி இருக்கிறது என்று, நாங்களே இரண்டு கீறல், நாலு தூசியைச் சேர்க்கிறோம். ரப்பர் ஊதியோடு நின்ற பையன் இதைக் கேட்டால் அடிக்க வருவான்.

இந்த வித்தையின் உச்சம் என்று பலர் சொல்வது கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவின் ஏப்ரல் 2021 நிகழ்ச்சி. அதற்கு முந்தைய வருடம், ஊரடங்கு நேரத்தில், அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் தன் வீட்டு அடுப்படியிலேயே நின்று பேசினார். ஓவனைத் திறந்து ஒரு பெரிய கம்ப்யூட்டர் போர்டைத் தட்டு மாதிரி வெளியே எடுத்தார். கனத்தில் மூச்சு வாங்கியது. அந்த மூச்சு வாங்கல்தான் எனக்குப் பிடித்த இடம். எத்தனை கிலோ என்று எழுத்தில் போட்டிருந்தால் அது வராது. 2021-இல் அதே அடுப்படி மறுபடி வந்தது. சில மாதம் கழித்து, அந்த நிகழ்ச்சியில் ஒரு பகுதி கம்ப்யூட்டரில் உருவாக்கியது என்று நிறுவனமே வெளியிட்டது. ஆளும் பொய், அடுப்படியும் பொய், முழு உரையும் பொய் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கடைசியில் அவர்களே விளக்க வேண்டிவந்தது: ஒன்றே முக்கால் மணி நேர நிகழ்ச்சியில் கம்ப்யூட்டர் ஹுவாங் வந்தது 14 விநாடி மட்டும்தான். மற்றதெல்லாம் அசல் மனிதர், அசல் சட்டை. பொய் சொன்னதைக் கண்டுபிடித்துவிட்டார்களே என்று வருந்துவது ஒரு வகை. உண்மையைச் சொன்னதை யாரும் நம்பவில்லையே என்று ஒரு நிறுவனம் தவித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த 14 விநாடி அவர்களுக்கு அவ்வளவு செலவு வைத்தது.

2023 அக்டோபரில் ஆப்பிள் தன் புதிய மேக் கம்ப்யூட்டர்களை அறிமுகப்படுத்திய முழுப் படத்தையும் ஐபோனில் எடுத்ததாக அறிவித்தது. உண்மைதான். எடுத்த விதத்தையும் வெளியிட்டார்கள். அந்த ஐபோனைச் சுற்றிலும் கிரேன், டிரோன், விளக்குகள். ஏமாற்று என்று சிலர் கத்தினார்கள். எனக்கு அது ஏமாற்றாகத் தெரியவில்லை. எந்தக் கேமராவானாலும் எட்டடித் துணியை யாராவது இழுத்துக் கட்டத்தான் வேண்டும்.

நேரமாகிவிட்டது, ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2003-இல் என்விடியா ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்று ஒரு கிராஃபிக்ஸ் கார்டை வெளியிட்டது. அதன் திறமையைக் காட்ட 'டான்' என்ற பெயரில் ஒரு தேவதைப் பெண்ணை உருவாக்கியிருந்தார்கள். தோலில் வெளிச்சம் விழுவதும் கண்ணிமை அசைவதும் அந்தக் காலத்துக்கு அதிசயம்தான். ஆனால் கார்டு சூடேறியது. சூட்டை வெளியேற்ற வைத்த விசிறி போட்ட சத்தத்தில் தேவதையை யாரும் பார்க்கவில்லை. தலை உலர்த்தும் கருவி, வாக்குவம் கிளீனர் என்று ஊரே கேலி செய்தது. மறைக்க வழியில்லை, அந்தச் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கும். என்ன செய்வார்கள்? அந்த நிறுவனத்தின் ஆட்களே உட்கார்ந்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். தங்கள் கார்டையே கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் காய்ந்த இலைகளை ஊதித் தள்ளுகிறார்கள். செட் கிடையாது, எட்டடித் துணி கிடையாது, சாதாரண வீடியோ கேமரா. கலை இயக்கம் என்று பார்த்தால் பத்துக்கு இரண்டு மார்க்தான் போடுவேன். ஆனால் நான் வேலைக்குச் சேர்க்கிற ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளில் இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

படம் இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. இதன் ஸ்பீக்கர் சுமார். தம்பி, அந்த ஓரத்தில் சுவிட்ச் பக்கம் நிற்கிறவரே, ஹால் ஃபேனை எல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுங்கள். புழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்கும்.